அவன் விலையைக் குறைக்க, காலி வீதி குப்புறப் படுத்தது

சிவமயம்

வெள்ளவத்தை,
2008 கார்த்திகை.

அன்புள்ள மைத்துனர் நமசிவாயத்துக்கு,

அத்தான் கதிர்காமநாதன் எழுதிக்கொள்வது. உமது அக்கா நேசமலருக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஸ்காபரோவில் குளிர் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். நீரும் மனைவி பிள்ளைகளும் காதை மூடிக்கொண்டு திரியுங்கள். மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவதை மரியாதையாக எழுத என்னால் முடியுமோ தெரியாது.

ரெலிபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர். ரெலிபோனில் நான் உம்மைப் பற்றிய முறைப்பாட்டைத் தொடங்கினாலே உமது அக்கா றிசீவரைப் பறித்து, "தம்பி, அவர் களைச்சுப்போய்க் கதைக்கிறார், நீ மனசில வைச்சிருக்காத" என்று சொல்லி உமக்கு இடியப்பம் அவிக்கும் பக்குவம் சொல்லத் தொடங்கிவிடுகிறாள். கடிதத்தை அவளால் பறிக்க முடியாது. கடையில் வைத்து எழுதுகிறேன்.

நான் என்பாட்டில் இந்தக் கொழும்புக் காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்து, வெளிநாட்டு அழைப்பு, போட்டோக் கொப்பி, விசாவுக்குப் படம் என்று மானமாகச் சீவித்த மனிதன். போன வருஷம் நீர்தான் எடுத்துச் சொன்னீர். "அத்தான், இப்ப எல்லாற்ற கையிலயும் போன் இருக்கு. உங்கட கடைக்கு இனி ஆர் வரப்போகினம்? பின்னறையில ரெண்டு கேம் மெசினைப் போடுங்கோ. பெடியள் றோட்டில நிண்டு ஆமியிட்ட பிடிபடாமல் உள்ளுக்க இருந்து விளையாடுவினம். உங்களுக்கும் வருமானம், தாய்தேப்பனுக்கும் நிம்மதி." அது நியாயமாகத்தான் பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காகக் காத்திருக்கிற இளம் ஆட்கள் இந்த ஒழுங்கைகளில் எத்தனை பேர். கடற்கரைக்குப் போனாலும் கேள்வி, தேத்தண்ணீர்க் கடையில் நின்றாலும் கேள்வி. நாள் முழுவதும் லொட்ஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, வாங்கி அனுப்பும் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன 'சரி'களில் கல்யாணத்துக்குச் சொன்னதற்கு அடுத்தபடி விலை கூடியது அதுதான்.

முதலில் யப்பான்காரனின் கறுப்பு கேம் பெட்டியை வாங்கிக் கப்பலில் போட்டீர். பெட்டி நடுக்கடலில் வரும்போதே யப்பான்காரன் விலையைக் குறைத்துவிட்டான். அதை எனக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். நீரோ விடிய முன்னம் அழைத்து, "அத்தான், நல்ல செய்தி, விலை விழுந்திட்டுது" என்றீர். யாருக்கு நல்ல செய்தி? வாங்கி முடித்தவனுக்கு விலை விழுந்ததைச் சொல்வதும், சாப்பிட்டு முடித்தவனுக்கு அடுத்த கடையில் சோறு மலிவு என்று சொல்வதும் ஒன்றுதான். பிறகு ஒருகொடவத்தைச் சுங்கக் களஞ்சியத்தில் பெட்டியை எடுக்கப் போனேன். நீர் பெட்டிக்குள் வைத்த பற்றுச்சீட்டில் இருந்த பழைய விலைக்கு அதிகாரி தீர்வை போட்டார். "சேர், இந்த விலை இப்போது உலகத்திலேயே இல்லை" என்றேன். அவர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "மாத்தயா, கடதாசியில் இருக்கிறதே" என்று சிங்களத்தில் சொல்லி முத்திரை குத்தினார். இல்லாத விலைக்குத் தீர்வை கட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "யப்பான்காரன் இறக்கினால் அதே சாமான் செய்யிற அமெரிக்கனும் இறக்கத்தான் வேணும், பொறுத்து வாங்குவம்" என்றீர். பொறுத்தோம். அமெரிக்கன் கொஞ்சம் இறக்கினான். "இன்னும் இறக்குவான்" என்றீர். மாதக்கணக்கில் பொறுத்தோம். ஒரு மெசினுக்கு முன்னால் பெடியள் வரிசையில் இருந்து கொட்டாவி விட்டார்கள். பொறுமை கெட்டு, "இறக்கினாலும் ஏத்தினாலும் வாங்கி அனுப்பும்" என்று நான் சொல்லி, நீர் வெள்ளைப் பெட்டியை வாங்கி, அது வந்து சேர்ந்த கையோடு அமெரிக்கன் முழுசாக இறக்கினான். அவன் என் கடையைப் பார்த்துக்கொண்டே இருந்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்த வெள்ளைப் பெட்டியைச் செருகியதும் டப் என்று ஒரு சத்தம், ஒரு புகை. பக்கத்து வீதியில் இருக்கிற ரேடியோ திருத்துகிறவர் அதற்குக் கரண்ட் கொடுக்கும் கட்டியைத் திறந்து பார்த்து, "ஐயா, கறுப்புப் பெட்டி எந்தக் கரண்டுக்கும் ஓடும், இது கனடாக் கரண்டுக்கு மட்டும் செய்தது, எங்கட கரண்ட் இதுக்கு இரண்டு மடங்கு" என்றார். உமக்கு அது தெரியாதா? நீர் அந்த நாட்டில் பதினைந்து வருஷமாக பல்ப் மாட்டுகிறீர். அவர் கட்டியைத் திருத்தித் தந்து, கரண்டைக் குறைக்க ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கி வரச் சொன்னார். புறக்கோட்டையில் வாங்கினேன். அரை மூட்டைச் செங்கல் கனம். பேப்பரில் சுற்றி, இரண்டு வயர் வெளியே தொங்க, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இந்தக் குண்டுவெடிப்புக் காலத்தில். சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. என் மடியைப் பார்த்த ஆமிக்காரப் பெடியன் முகம் மாறி, எல்லோரையும் இறக்கி, என்னை மட்டும் தள்ளி நிறுத்தினான். என்ன இது என்று கேட்டான். விளையாட்டுச் சாமானுக்கு என்றேன். அறுபது வயது, தலை முழுக்க நரை. அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் விளையாட்டுச் சாமானுக்கு என்றேன். பஸ் முழுவதும் இறங்கி வெயிலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நீர் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவும் பட்டு இரண்டு மெசினையும் ஓட வைத்தபோது, எதிர்ப்பக்கம் வீடியோக் கடை வைத்திருக்கும் மக்கீன் அதே மாதிரி இரண்டு மெசினைக் கொண்டுவந்து இறக்கினார். எப்படி? எல்லாரும் விலை குறைத்து முடிந்த பிறகு, டுபாயில் இருக்கும் மச்சானிடம் சொல்லி வாங்கினார். டுபாய்க் கரண்டும் எங்கள் கரண்டும் ஒன்று. ட்ரான்ஸ்ஃபோமர் இல்லை, புகை இல்லை. அவருக்குக் கட்டுபடியாகும், மணித்தியாலக் கட்டணத்தை என்னுடையதில் பாதிக்கு எழுதித் தொங்கவிட்டார். நானும் பாதியாக்கினேன். அவர் இன்னும் இறக்கி, பிளேன்ரீ இலவசம் என்றார். நான் உமது அக்காவைக் கொண்டு உழுந்து வடை சுடுவித்தேன். அவர் பெரிய ஸ்பீக்கர் பூட்டினார். நானும் பூட்டினேன். யப்பான்காரனும் அமெரிக்கனும் கடல் கடந்து அடிபட்டதை நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீதியின் இரண்டு பக்கத்தில் நின்று அடிபட்டோம். வித்தியாசம் என்னவென்றால் அவர்கள் வடை சுடவில்லை. கடைசியில் நான்தான் வென்றேன். பெடியள் எல்லாம் என் பின்னறைக்கு வந்தார்கள். விளையாட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர், வடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனித்தான் முக்கியமான இடம். வெள்ளைப் பெட்டி வாங்கியபோது கடையில் இனாமாகத் தந்தார்கள் என்று ஒரு விளையாட்டுத் தட்டு அனுப்பினீரே, அது என்ன விளையாட்டு என்று ஒருக்கால் போட்டுப் பார்த்தீரா? சண்டை. சுட்டுத் தள்ளுகிற துவக்குச் சண்டை. உலகத்தில் எத்தனையோ விளையாட்டு இருக்க, கொழும்பில் இருக்கிற தமிழனுக்கு இனாமாக அனுப்ப உமக்குக் கிடைத்தது அதுதான். நான் அதை மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். போன மாதம் ஒரு பின்னேரம் நான் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டிருக்க, எவனோ அதை எடுத்துப் போட்டு, மக்கீனுக்குப் போட்டியாக வாங்கிய ஸ்பீக்கரை முழுசாகத் திறந்துவிட்டான்.

காலி வீதி குப்புறப் படுத்தது, நமசிவாயம். மிகைப்படுத்தவில்லை. வாசலில் மரக்கறி விற்கும் இராமலெட்சுமி கத்தரிக்காய்க்கு மேலேயே படுத்தாள். பஸ் கொண்டக்டர் மிதிபலகையிலிருந்து குதித்து லாம்புக் கம்பத்துக்குப் பின்னால் போனான். நான் கொப்பி மெசினுக்கு அடியில் கிடந்து, சத்தம் என் கடைக்குள்ளிருந்துதான் வருகிறது என்று விளங்கி, எழும்புவதா கிடப்பதா என்று யோசிப்பதற்குள் ஆமியும் பொலிசும் கடையைச் சுற்றிவிட்டார்கள். பின்னறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கூட்டம் தமிழ்ப் பெடியள், திரையில் ஒருவன் துவக்கோடு ஓடிக்கொண்டிருக்கிறான், ஒருவன் கையில் வடை.

என்னையும் சேர்த்து எல்லோரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். மெசினையும் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையத்தில் ஒரு சாஜன், வயதான, தடித்த மனிதர், ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், "இவர்களுக்கு நீ என்ன பயிற்சி கொடுக்கிறாய்?"

இந்த நாட்களில் உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாருக்குச் சொல்ல முடியும்? பெடியள் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை. அவர்களில் ஸ்ரீஸ்கந்தராசா என்றொரு பிள்ளை, இரண்டு வருஷமாக லண்டன் விசாவுக்குக் காத்திருக்கிறது, மறுநாள் காலையில் நேர்முகம். அது என் காதருகில் வந்து, "ஐயா, நான் விளையாடக்கூட இல்லை. படம் எடுக்க வந்தனான். அன்ரி வடை தந்தவ" என்றது. நான் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்ல? யப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு கொம்பனி விலையைக் குறைத்ததால் உன் லண்டன் போகிறது தம்பி என்றா?

வெளியே தாய்மார் வந்து நின்று அழும் சத்தம் கேட்டது. உமது அக்கா அவர்களுக்கு நடுவில் நின்றாள். அவள் அழவில்லை, என்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தாள். உம்மையல்ல.

அப்போதுதான் மக்கீன் வந்தார். தொப்பியும் சாரமுமாக, ஒரு கையில் தன் வெள்ளைப் பெட்டி, பின்னால் ஒரு ஆள் தலையில் ரீவி. நேரே சாஜனிடம் போய் சிங்களத்தில் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன். "சேர், இவர்கள் ஒருவரும் பயிற்சி எடுக்கிற ஆட்கள் இல்லை. எல்லோரையும் எனக்குத் தெரியும். எல்லோரும் என்னுடைய கஸ்டமர்கள். இந்த மனிதர் வடையைக் கொடுத்து என்னிடமிருந்து பறித்துக்கொண்டார்."

சாஜன் நம்பவில்லை. மக்கீன் அவருடைய மேசையிலேயே ரீவியை வைத்து மெசினைப் பூட்டினார். துவக்குச் சண்டை அல்ல, கிரிக்கெட். விளையாடும் கைப்பிடியை சாஜன் கையில் திணித்து, "சேர் துடுப்பெடுங்கள், நான் பந்து போடுகிறேன்" என்றார். சாஜன் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். யாருக்குச் சிரிக்கத் தைரியம்? அவர் தொண்டையைக் கனைத்து, "அது சரியாகப் பிடிக்கவில்லை. திரும்பப் போடு" என்றார். மக்கீன் போட்டார். அந்தப் பின்னேரம் மக்கீன் போட்ட பந்துகளைப் போல மெதுவான பந்துகளை நான் எந்த மைதானத்திலும் கண்டதில்லை. சாஜன் ஐம்பது அடித்ததும் எழும்பி, பெடியளை வரிசையாக நிறுத்தி, பெயரைப் பதிந்து, ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார். ஸ்ரீஸ்கந்தராசாவை முதலாவதாக அனுப்பும்படி மக்கீன்தான் கேட்டார். என் மெசின்களை மட்டும் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து நான் மக்கீனின் கையைப் பிடித்தேன். அவர், "என்ன அண்ணே, நீங்க உள்ளுக்குப் போய்ட்டா நான் யாரோட போட்டி போடுற?" என்று சொல்லிவிட்டு, "இனிமே ரெண்டு பேரும் ஒரே வெலயப் போடுவோம். வட மட்டும் எனக்கும் அனுப்பணும்" என்றார்.

இதைத்தான் உமக்கு எழுத வந்தேன். ஒரு பின்னேரத்தில், ஒரு வீதியில், இரண்டு கடைக்காரர்களுக்கு விளங்கியது அந்தப் பெரிய கொம்பனிகளுக்கு ஏன் விளங்கவில்லை? ஒருவரையொருவர் கூப்பிட்டு ஒரு விலையைப் பேசி முடிக்க அவர்களிடம் ரெலிபோன் இல்லையா? அவர்கள் குறைக்கக் குறைக்க, உலகத்தின் மற்றப் பக்கத்தில் எவனோ ஒருவன் கொப்பி மெசினுக்கு அடியில் கிடக்கிறான் என்று அந்தக் கொம்பனிகளுக்கு நீர் எழுதும், உமக்கு இங்கிலீசு தெரியும். என் பெயரைப் போட வேண்டாம். இனிமேல் எனக்கு ஒரு மெசினும் அனுப்ப வேண்டாம், தட்டு வேண்டாம், விலை விழுந்தது எழும்பியது என்று ஒரு செய்தியும் சொல்ல வேண்டாம். பொலிசில் இருக்கிற இரண்டு பெட்டியும் அங்கேயே உக்கிப்போகட்டும். பின்னறையில் இனி மாவரைக்கும் மெசின் போடப்போகிறேன். அதற்கு யப்பான்காரன் என்ன விலை வைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

மருமகளின் பியானோ, சின்னவனின் பல், உமது வீட்டுக்காரியின் முதுகு எல்லாம் முருகன் கிருபையால் சரிவர வேண்டும். உமக்கும் நல்ல புத்தி வர வேண்டும். அக்கா உம்மை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்; விசாரித்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
க. கதிர்காமநாதன்.

பி.கு: கடிதத்தை ஒட்டி முடித்த பிறகு திரும்பப் பிரித்து எழுதுகிறேன். சற்று முன் சாஜன் வந்தார். சீருடையில் அல்ல, கட்டம் போட்ட சேர்ட்டில். இரண்டு பெட்டிகளையும் தானே சுமந்து வந்து, பின்னறையில் வைத்து, வயர் எல்லாம் சரியாகப் பூட்டினார். உமது அக்கா கொடுத்த வடையைச் சாப்பிட்டார். மக்கீனைக் கூப்பிடு என்றார். மக்கீன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கிரிக்கெட் தொடங்கினோம். இனி ஒவ்வொரு ஞாயிறும் வருவாராம். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு விசா கிடைத்துவிட்டது, போகுமட்டும் நடுவராக இருக்கிறது. இரண்டு பேர் விளையாட ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது, அந்த ஒருவர் எப்போதும் நானாகவே இருக்கிறேன். ஆகவே வெள்ளைப் பெட்டிக்கு இன்னும் ஒரு கைப்பிடி உடனே வாங்கி, கப்பலில் அல்ல, விமானத்தில் அனுப்பும். விலை விழும் என்று காத்திராதேயும். விலை என்னவென்று எனக்குச் சொல்லவும் வேண்டாம்.