டெஸ்ஸை ஓடையிலிருந்து மீட்டுக் காட்டுக்கு அனுப்பிய வரலாறு

மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பு என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. அதைக் குகையில் இருந்தவனே கண்டுபிடித்துவிட்டான். பிள்ளைகள் அதை மறுபடி கண்டுபிடித்துவிடாமல் தடுக்க ஒரு சங்கம் வேண்டும் என்று கண்டுபிடித்ததுதான் நாகரிகம். கொலராடோ மாநிலத்தில் எங்கள் 'எல்க் ரிட்ஜ்' குடியிருப்போர் சங்கம் அப்படிப்பட்டது. அதன் செயலாளர் லோவல் பிராத்தர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எல்க் என்பது குதிரை உயரத்துக்கு வளரும் மான். எங்கள் நுழைவாயில் பலகையில் ஒன்று நிற்கிறது. உயிருள்ள ஒன்றும் ஒருமுறை வந்து ரோஜாச் செடிகளை மேய்ந்தது. அதற்கு எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்பத் தீர்மானம் நிறைவேற்றினோம், முகவரிதான் கிடைக்கவில்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலிக்கு மூன்று வண்ணங்களை அனுமதித்திருக்கிறோம். மூன்றும் பழுப்பு.

இப்பேர்ப்பட்ட சொர்க்கத்தில்தான் பதினைந்து வயது டெஸ் ஹால்வர்சன் 'தடம் புரண்டாள்'. கல்லூரி நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு, வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் கரையில் போய் உட்கார்ந்தாள். கைப்பேசியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். தார்ப்பாய் கட்டி அதனடியில் படுத்தாள். குச்சியைக் குச்சியால் கடைந்து தீ மூட்டி, ரொட்டி மாவைச் சுட்டுத் தின்றாள். ஈரமணலில்தான் மூட்டினாள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைத்திருந்தாள் என்பது உண்மை. ஆனால் வாளி பச்சை நிறம்.

புகையை முதலில் பார்த்தவன் நான். உடனே புகார் கொடுத்தேன். டெஸ்ஸின் பெற்றோர் ஆடிப்போய்விட்டார்கள். அப்பா கர்டிஸ் வீட்டின் மாடியறையில் இருந்தபடி மென்பொருள் விற்கிறார். அம்மா ஜோலீன் கீழறையில் இருந்தபடி, அலுவலகங்களுக்குக் காணொளியில் 'மன அமைதி' வகுப்பு எடுக்கிறார். இருவரும் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார்கள். கதவுகள் மட்டும்தான் சாத்தியிருக்கும்.

'சீர்திருத்த ஆலோசனைக் கூட்டம்' அவர்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. புகார்தாரர் என்ற முறையில் நானும் போயிருந்தேன். மேசை நிறைய வண்ணப் பிரசுரங்கள். வழி தவறிய பிள்ளைகளைக் காட்டில் வைத்துத் திருத்தும் நிறுவனங்கள் எங்கள் நாட்டில் காட்டைவிட அடர்த்தியாக வளர்ந்திருக்கின்றன. எல்லாப் பிரசுரத்திலும் ஒரே படம்: ஒரு பிள்ளை பாறைமேல் முதுகு காட்டி உட்கார்ந்து மலையைப் பார்க்கிறது. முகத்தைக் காட்டினால் திருந்தியதா இல்லையா என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது.

"இதுக்கு நாலரை நட்சத்திரம் குடுத்திருக்காங்க," என்றார் கர்டிஸ்.

"அரை நட்சத்திரம் எங்க போச்சு?" என்றார் ஜோலீன்.

"ஒரு அம்மா குறைச்சுட்டாங்க. காட்டுல பூச்சி இருந்துச்சாம்."

"அப்ப அது வேண்டாம். பூச்சி இல்லாத காடா பாரு."

"இங்க குதிரைகிட்ட பேச வைக்கிறாங்க. மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டலாமாம்."

"குதிரை என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாது. குறுக்க பேசாம கேக்குதுல்ல, அதுதான் சிகிச்சை."

"நாமகூடக் கேக்கலாமே," என்று ஆரம்பித்த ஜோலீன், காதிலிருந்த கருவியில் யாரோ கூப்பிட, "ஒரு நிமிஷம்," என்று எழுந்துபோய் யாருக்கோ மூச்சை இழுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தார்.

அப்போது டெஸ் ஆரஞ்சுச் சாறு எடுக்க வந்தாள். கூட்டத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கவில்லை. பிரச்சினையையே கூட்டத்தில் உட்காரவைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"அங்க என்னப்பா செய்வாங்க?" என்றாள்.

கர்டிஸ் பக்கத்து மாநிலமான யூட்டாவின் பாலைவனக் காட்டில் நடக்கும் ஒரு நிறுவனத்தின் பிரசுரத்தை உரக்கப் படித்தார். "முதல்ல போனை வாங்கி வச்சுடுவாங்க. தார்ப்பாய்க்கு அடியில படுக்கணும். அப்புறம், குச்சியைக் கடைஞ்சு நீயே தீ மூட்டக் கத்துக்கணும்." குரல் மெல்லத் தேய்ந்தது.

"அதத்தானப்பா நான் ஓடையில செஞ்சேன்."

"அது வேற, செல்லம். நீ செஞ்சது ஒழுங்கீனம். இது சிகிச்சை."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

கர்டிஸ் என்னைப் பார்த்தார். "மேற்பார்வை," என்று எடுத்துக்கொடுத்தேன்.

"ஆமா, மேற்பார்வை. அங்க பெரியவங்க கூட இருப்பாங்க."

டெஸ் பிரசுரத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். ஒன்பதாவது வாரம் 'குடும்ப நாள்'. பெற்றோர் போனில்லாமல் வருவார்கள். பிள்ளை மூட்டிய தீயைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள்.

"எவ்வளவு அழகா இருக்கு," என்று ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இன்னிக்குச் சாயங்காலமே வாங்களேன்," என்றாள் டெஸ். "நான் மூட்டறேன். ஓடை பின்னாடிதான இருக்கு. போகாம இங்கயே இருந்துடறேம்மா."

கர்டிஸ் நாட்காட்டியைத் திறந்தார், மூடினார். ஜோலீன் மகளின் கையைப் பிடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஒரு குடும்பமே ஓடைக்குப் போயிருக்கும். சங்கத்தின் கண்ணியம் என் கையில் இருந்தது.

"விதி பதினாலு," என்றேன். "சங்க எல்லைக்குள்ள திறந்த வெளியில தீ மூட்டக்கூடாது. குடும்பத்தோட மூட்டினாலும்."

"லோவல் சொல்றதும் சரிதான்," என்றார் கர்டிஸ். அவர் முகத்தில் அத்தனை நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "விதின்னு ஒண்ணு இருக்கே, செல்லம். நாம என்ன செய்ய முடியும்?"

மறுவாரம் டெஸ் யூட்டாவுக்கு அனுப்பப்பட்டாள். முதல் நாளே அங்கிருந்த வழிகாட்டிக்குத் தீக்கடையக் கற்றுக்கொடுத்தாளாம். அதைத் 'தலைமைப் பண்பில் முன்னேற்றம்' என்று நிறுவனம் தெரிவித்தது. ஒன்பதாவது வாரம் கர்டிஸும் ஜோலீனும் விமானம் ஏறிப் போனார்கள். தீயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டெஸ் பேசப் பேச அழுதார்கள். கர்டிஸ் மகளின் தோளில் சாய்ந்து தூங்கியேபோய்விட்டாராம். திரும்பி வந்து தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த நிறுவனத்தைச் சிபாரிசு செய்தார்கள். "எங்களுக்கு எங்க பொண்ணு திரும்பக் கிடைச்சுட்டா, லோவல்," என்று ஜோலீன் என் கையைக் குலுக்கினார். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டெஸ் முழுக்கத் திருந்தி வந்திருந்தாள். பயிற்சி வகுப்புக்கு ஒழுங்காகப் போனாள். ஓடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அந்தச் சிகிச்சைக்குப் பாராட்டுத் தீர்மானம் கொண்டுவந்தேன், ஏகமனதாக நிறைவேறியது.

போன சனிக்கிழமை அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டிருந்தாள்.

"சார், சங்கத்தோட விதிகளெல்லாம் உங்களுக்கு அத்துப்படின்னு அப்பா சொன்னாரு."

"நூத்தி ஆறும்," என்றேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த வயதில் யார் வந்து விதி கேட்கிறார்கள்?

"யூட்டாவுல அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் முழுக்க என் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. மறுபடி அப்படி உக்காரணும்னா, அதுல எதை மீறணும், சார்? ரொம்பப் பெரிசா வேண்டாம். ஒரு நாளுக்குப் போதுமானதா சொல்லுங்க."