கோரமண்டல் லைன்ல ஒரு நீல ஏரி

லவினாக்கா பாத்ரூம் வாசல்ல நின்னுகினு பந்த சர்வீஸ் போட பேட்டோட கைய தூக்குனா. அப்பதான் பின்னாடி தகரக் கதவ தள்ளிகினு ரெண்டு பேரு உள்ள வந்தாங்க. ஒருத்தர் சர்வே ஆபீசர் விநாயக், கையில டேப்பு. கூட வந்த ஆளு கையில சிவப்பு பெயிண்ட் டப்பா. பந்து போய் ஆபீசர் ஷூவுல பட்டு நின்னுச்சு. அத மெதுவா ஒதுக்கிட்டு அவரு கேட்டாரு.

"ஏரி எங்கப்பா?"

பெரிய ஏரி கீற பேத்தமங்களாவுக்கு போற பஸ் எங்க நிக்கும்னு நான் வழி சொன்னேன். அது இல்லியாம். எங்க வூட்டு ஏரியாம்.

டேப்லெட்ல ஒரு போட்டோ காட்டுனாரு. வூட்டுக்கு பட்டா குடுக்கறதுக்காக ட்ரோன் விட்டு எடுத்த போட்டோ. கோரமண்டல்ல எங்க லைன், வரிசையா ஒட்டி ஒட்டி நிக்கிற தங்க மைன்ஸ் குவார்ட்டர்ஸ், எல்லாம் துரு புடிச்ச தகரமா தெரியுது. நடுவுல எங்க பின்கட்டு மட்டும் பளிச்சுனு நீலமா கீது. மேல இருந்து பார்த்தா எது நீலமோ அது நீர்நிலை, இது மேலிடத்துல தீர்மானம் பண்ண விஷயம்னாரு.

அது பிக்கிள்பால் கோர்ட்டு. சின்ன பேட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, நடுவுல நெட்டு. பெங்களூர்ல இப்ப இது ஆடலைன்னா மனுஷனாவே மதிக்கறதில்ல. தினம் ட்ரெயின் புடிச்சு பெங்களூர் ஆபீசுக்கு போற எங்க அக்காவுக்கு, ப்ரமோஷன் பேச்செல்லாம் கோர்ட்லதான் நடக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. வூட்டுலயே ப்ராக்டீஸ் பண்ணணும்னு கோழிக்கூண்ட, கறிவேப்பிலை மரத்த, கொடிக்கம்பிய எல்லாம் எடுத்துட்டு சிமெண்ட் போட்டுட்டா. நீளம் பத்தல, அதான் பாத்ரூம் வாசல்ல இருந்து சர்வீஸ். பச்சை பழைய காலம், நீலம்தான் இன்டர்நேஷனல்னு சொல்லி நீலம் அடிச்சவரு காண்ட்ராக்டர் டென்சில். துணிய எங்க காயப்போடறதுன்னு கேட்ட எங்க அம்மா ஜெயசீலி, பதில் வராததால நெட்டு மேலயே போட ஆரம்பிச்சாங்க.

ஆபீசர் அந்த துணியயும் பார்த்தாரு. ஏரியில துணி துவைக்கறது தனி குத்தமாம்.

எங்க அப்பா மாணிக்கராஜ் அப்பதான் வெளிய வந்தாரு. மைன்ஸ் மூடுன நாள்ல இருந்து இந்த வூட்ட தன் பேருக்கு மாத்த நடந்து நடந்து செருப்பு தேஞ்ச மனுஷன். பட்டாவுக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அத போட வேண்டியவரு இதே விநாயக் சார்.

அப்பா கோர்ட்டுக்கு நடுவுல போயி ஒரு குதி குதிச்சாரு. "பாருங்க சார். முழுகலியே. நிக்கிறேன்."

"நிக்கிறீங்க. அதுக்கு பேருதான் ஆக்கிரமிப்பு."

பச்சை அடிச்சிடறோம்னா, ஏரிய மூடுனா ஜெயிலுன்னாரு. தண்ணியே இல்லியேன்னா, அப்ப வறண்ட ஏரின்னு எழுதிக்கினாரு. ஏரிய சுத்தி பத்து அடிக்கு எந்த கட்டடத்துக்கும் பட்டா கிடையாது, இருக்கறத இடிக்கணும்னாரு. கூட வந்த ஆளு எங்க சமையக்கட்டு செவுத்துல சிவப்பா ஒரு பெருக்கல் குறி போட்டான். அழகாதான் போட்டான்.

ஆனா ஒரு வழி இருந்துச்சு. இங்க எந்த காலத்துலயும் தண்ணி இருந்ததில்லன்னு லைன்ல பெரியவங்க சாட்சி சொல்லணும். அப்பாவுக்கு உசுரு வந்துச்சு. எங்க லைன்ல ஒரு வூட்டுக்கு பிரச்சனைன்னா எல்லா வூடும் ஒரே பேச்சு பேசும், ஸ்ட்ரைக் காலத்துல இருந்தே அப்படித்தான். பக்கத்து வூட்டு தசரதன் மாமாவும் அப்பாவும் ஒரே ஷிப்டு, ஒரே கேஜ் லிஃப்ட்ல சுரங்கத்துக்குள்ள எறங்கினவங்க.

சாட்சி நாளுக்கு முன்னாடி டேங்கர் வந்துச்சு. வறண்ட ஏரிக்கு புத்துயிர் குடுக்கற திட்டமாம். கோர்ட்டு மேல தண்ணிய தொறந்து வுட்டாங்க. அது சிமெண்ட்ல ஓடி நேரா சாக்கடைக்கு போச்சு. எங்க லைன் குழாயில தண்ணி வந்து யாருக்கும் ஞாபகம் இல்ல. மொதல்ல தசரதன் மாமாவுக்கு அடுத்த வூட்டு மாலா அத்தை ஒரு குடத்தோட வந்தாங்க, அப்புறம் லைனே வந்துச்சு. எவ்ளோ ஊத்தியும் நிறையலியேன்னு டிரைவர் ரிப்போர்ட் பண்ணாரு. ஏரி ரொம்ப ஆழம்னு முடிவு பண்ணி மறுநாள்ல இருந்து ரெண்டு டேங்கரா அனுப்புனாங்க.

சாட்சி நாள் வந்துச்சு. அம்மா எல்லாருக்கும் டீ குடுத்தாங்க. ஆபீசர் போன்ல ரெக்கார்டு போட்டாரு. தசரதன் மாமா டீய குடிச்சு முடிச்சு, தொண்டைய செருமிகினு சொன்னாரு.

"நான் இந்த ஏரியிலதான் சார் நீச்சல் கத்துக்கினேன்."

மாலா அத்தை மாமியார் இதுலதான் மீன் புடிச்சாங்களாம். கோடி வூட்டு டைட்டஸ் அண்ணன், சின்ன வயசுல இதுல முழுகிப்போவ இருந்தாராம்.

அப்பா மாமாவையே பார்த்தாரு. மாமா கிட்ட வந்து கொரல கொறச்சாரு. "கோச்சுக்காத மாணிக்கம். பொண்ணுக்கு தலைக்கு ஊத்த தண்ணி இல்ல. ஏரி போச்சுன்னா டேங்கரும் போயிடும்."

ஆபீசருக்கு கண்ணு கலங்கிடுச்சு. இது சாதாரண ஏரி இல்ல, புராதன ஏரி, இதுக்கு பத்து அடி பத்தாது, ஐநூறு அடி வேணும்னாரு. டேப்ப இழுத்தாரு. டேப்பு எங்க வூட்ட தாண்டி, தசரதன் மாமா சமையக்கட்டு வழியா, மாலா அத்தை கட்டிலுக்கு அடியில போயி, டைட்டஸ் அண்ணன் வாசலயும் தாண்டிச்சு. பெயிண்ட் டப்பா பின்னாடியே போச்சு.

மாமா ஓடி வந்து, சார் அது ஏரியே இல்ல சார், பொய் சொல்லிட்டேன்னாரு.

"நீச்சல் கத்துக்கினீங்களே," கேட்டாரு ஆபீசர். "மறந்துடுமா இன்னா?"

லைன் மொத்தமும் சிவப்பு பெருக்கல் குறியோட நின்னுச்சு. அப்ப தெருமுனையில டேங்கர் ஹாரன் அடிச்சுது. எல்லாரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்த்தோம், அப்புறம் குடத்த தூக்கிகினு ஓடுனோம். வரிசையில மொத ஆளு எங்க அப்பா. அவருக்கு பின்னாடி தசரதன் மாமா, அவரு குடத்தயும் அப்பாதான் புடிச்சு குடுத்தாரு.

இது எங்க லைன்ல மட்டும்தானா, இல்ல உங்க தெருவுலயும் இப்படி ஆச்சா? ஆயிருந்தா, உங்க ஏரிக்கு எத்தனை டேங்கர் வுடறாங்க?