முகம் திருப்பிக்கொண்ட கிளிகள்

ஆத்தங்குடி,
செவ்வாய், மணி மூன்றரை.

மரியாதைக்குரிய மாரீஸ்வரி சித்திக்கு, உங்கள் அக்கா மகள் தீக்ஷா வணங்கி எழுதுவது. நான் இங்கு நலமில்லை. அங்கு நீங்களும் சித்தப்பாவும் கன்றுக்குட்டியும் நலமா?

சித்தி, நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து என்னைக் கூட்டிப்போய்விடுங்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். "எங்க புள்ள எட்டாவதோட நின்னாலும் படம் நல்லா வரையும்" என்று கல் பட்டறை கருத்தையா அண்ணனிடம் சொல்லி வேலை வாங்கித் தந்தீர்கள். வரையத்தான் செய்தேன். சிகப்பி ஆச்சி மகள் கல்யாணத்துக்கு வாசலில் பதிக்க இரண்டு தரைக்கல், கல்லுக்கு ஒரு கிளி, இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பட்டறையில் இதுவரை அச்சில் ஊற்றிய பூக்கள்தான். பூவுக்கு இடம் வலம் கிடையாது. கிளியைக் கையாலேயே ஊற்றினேன். எட்டாம் வகுப்பு ஓவியப் பீரியடில் படித்ததெல்லாம் கைகொடுத்தது: உற்றுப் பார்ப்பது, நீலத்தில் மஞ்சள் கலந்து கிளிப்பச்சை கொண்டுவருவது, நடுங்காமல் கோடு இழுப்பது. வண்ணக் குழம்பைக் கண்ணாடி மேல் ஊற்றி, அதற்கு மேல் சிமெண்டை அமுக்குவோம். மறுநாள் கண்ணாடியை எடுத்தால் அடிப்பக்கம்தான் கல்லின் முகம். அப்படியானால் கிளி திரும்பித்தானே நிற்கும் என்று ஊற்றும்போதே வாய் வரை வந்தது. எதிரே கருத்தையா அண்ணன் நின்றார். விழுங்கிவிட்டேன். "படத்தத் தூக்கிக் காட்டி நாலு வார்த்தை பேசு" என்று டீச்சர் சொன்ன நாளெல்லாம் எனக்கு வயிற்றுவலி வருமே, அந்தப் பாடத்தை மட்டும் நான் படிக்கவில்லை.

இன்று, என்னோடு வேலை செய்யும் நாகவல்லி அக்கா கண்ணாடியை எடுத்தார். கிளிகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

"அடியே, தாலி ஏறுறதுக்குள்ள சண்டையா?" என்றார் அக்கா.

கருத்தையா அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். "நாலு மணிக்கு ஆச்சி வாராக, மாப்பிள்ள வீட்டாளுகளும் கூட வாராக. புதுசா ஊத்துனா காயவே நாள் பத்தாது. ஏம் புள்ள, ஒனக்கு முன்னாடியே தெரியலையா?"

தெரியும் என்பதா, தெரியாது என்பதா? வயிற்றுவலி என்றேன். சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் சிங்கம்புணரிக்குக் கல் ஏற்றிப்போகும் ஹனிபா அண்ணன் வண்டியில் கொடுத்துவிடுகிறேன்.

சித்தப்பாவுக்கு வணக்கம். கன்றுக்குட்டியின் கழுத்தைச் சொறிந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வேலை போகப்போகும் தீக்ஷா

பி.கு.: மணி நாலே முக்கால். வண்டி இன்னும் கிளம்பவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்தபோது மூட்டை இடுக்கு வழியாக இரண்டு கல்லும் தெரிந்தன. வெளியே ஆச்சியின் கார் வந்து நின்ற சத்தம். எழுந்து போனேன்.

"அண்ணே, இந்தக் கல்ல அங்குட்டு வைங்க, அந்தக் கல்ல இங்குட்டு வைங்க."

வைத்தார். கிளிகள் மூக்கோடு மூக்கு பார்த்துக்கொண்டன. "இவளுக்கு வாயும் இருக்கா!" என்றார் நாகவல்லி அக்கா. ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். வீட்டுப் பெயரையும் ஒரு கல்லில் நானே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுத்தும் கிளி மாதிரித் திரும்பிவிடும், இடம் மாற்றி வைத்துத் தப்ப முடியாது. அதனால் நீங்கள் வர வேண்டாம் சித்தி. எழுத்தைத் திருப்பிப் பார்த்து எழுத உங்கள் பெரிய முகக்கண்ணாடியை மட்டும் ஹனிபா அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.