காதில் மாட்டிப் பார்த்து வாங்கிய மரக் கிளிப்

மல்லாட்டையின் (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) தரம் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லாப் பொருளின் தரமும் தெரியும் என்று இருபத்தாறு வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு மண்டியில் எனக்கு வேலை. மூட்டைக்குள் கையை விட்டு நாலு காயை எடுத்து, காதோரம் குலுக்கி, "இது ஈரம், இது பொக்கு" என்று சொல்லவேண்டும். சம்பளம் குறைவு. திமிர் மட்டும் தாராளமாக வளர்ந்தது.

மாமனார் வீடு திண்டிவனத்தில். (கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளை முறுக்கு இன்னும் இறங்கவில்லை.) அந்த வீட்டு மொட்டை மாடியில் காற்று பேயாக அடிக்கும். துணி மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்பெல்லாம் வெயிலில் காய்ந்து பட்பட்டென்று உடைந்தன. மாமனாரின் வேட்டி ஒன்று பறந்து, ரோட்டில் போன லாரிமேல் விழுந்து, மெட்ராஸ் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மச்சினிச்சி மல்லிகாவைப் பெண் பார்க்கச் செஞ்சியிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போனதோடு சரி. மாமியார் கும்பிடாத சாமி இல்லை.

"ஆம்பளைங்க எல்லாம் பளிச்சுனு நிக்கணும். இன்னொரு வேட்டி பறந்தா மாத்துக்கு இல்ல" என்றார் மாமியார்.

"கவலைய வுடுங்க அத்தை. நல்ல மரக் கிளிப்பா பார்த்து எடுத்துக்கினு வர்றேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

விழுப்புரம் பாத்திரக்கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று சோகை பிடித்த வெள்ளை மரம். இன்னொன்று தேக்கு நிறத்தில் பளபளப்பாக.

"வெள்ளையே எடுத்துக்கினு போங்க சார். எல்லாரும் அதான் வாங்குறாங்க" என்றார் கடைக்காரர்.

எல்லாரும் வாங்குவதை வாங்க நான் எதற்கு? தேக்கு நிறத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, காதோரம் திறந்து மூடி ஸ்பிரிங் சத்தம் கேட்டேன். பிறகு காது மடலில் மாட்டிப் பத்து எண்ணினேன். கண்ணில் தண்ணீர் வந்தால் பாஸ். வராவிட்டால் மறுபடி டப்பாவுக்குள்.

"சார், தொங்கவுடப் போறது துணியையா, காதையா?" என்றார் கடைக்காரர்.

நான் அடுத்ததை எடுத்துக் காதில் மாட்டினேன். என் விரல் நுனியெல்லாம் மஞ்சளாகியிருந்தது. மத்தியானம் சாப்பிட்ட எலுமிச்சை சாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்ல சரக்கு. ஆயுசுக்கும் உழைக்கும்" என்று இரண்டு டஜனை மாமியாரிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை துவைத்து நீலம் போட்ட வேட்டி துண்டுகளை நானே மாடியில் காயப்போட்டேன். கை இரண்டும் ஈரத்துணியில் இருந்ததால், அடுத்த இரண்டு கிளிப்பை எப்போதும் காதில் மாட்டிக்கொண்டேன். காற்று பிய்த்து உதறியது. ஒரு கைக்குட்டைகூடப் பறக்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு கீழே வந்தேன்.

மத்தியானம் துணி எடுக்கப்போன என் மனைவி கலா ஒரு வேட்டியை விரித்துப் பிடித்தபடி திரும்பி வந்தாள். ஒவ்வொரு வேட்டிக்கும் நாலு முனையிலும் மஞ்சள் கறை. துண்டுக்கும் அப்படியே.

"என்னாங்க இது?"

"தேக்கு" என்றேன். (வேறு என்ன சொல்வது?)

சோப்பை எடுப்பதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துவிட்டார்கள். மாமனார், அவர் தம்பி, நான் மூவரும் கறையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மல்லிகாவின் மூன்றாவது இடம் என் கிளிப்பால் போகப்போகிறது.

மாப்பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்ததும் மாமனாரின் துண்டு முனையைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் வேட்டிகளைப் பார்த்தார்.

"மஞ்சள் வெச்சிருக்கீங்க. எல்லாமே புதுசுங்களா?"

என் மாமனாருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் வாயையே திறக்கவில்லை.

பெரியம்மா தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "பொண்ணு பாக்க வர்றதுக்கே வீட்டுக்கே புதுசு எடுத்து, மஞ்சள் தடவிக் கட்டிக்கினு நிக்கிறாங்க. இந்த மரியாதைக்கு மேல இன்னா வேணும்?"

பஜ்ஜி வருவதற்கு முன்பே தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து விருந்துக்கு வந்த மாப்பிள்ளை, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, வேட்டிக்கு மஞ்சள் வெச்சது சரி. அன்னிக்கு ஒங்க ரெண்டு காதுக்கும் எதுக்கு வெச்சாங்க?"

பாயசம் எனக்குப் புரையேறியது. "அப்பவே பாத்துட்டீங்களா? சொல்லவே இல்லயே?"

"மல்லிகாவ புடிச்சிருந்துச்சு. பேஜாரு எதுக்குன்னு வுட்டுட்டேன்."

அன்றிலிருந்து வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் சரி, வரன் பார்த்தாலும் சரி, முதல் கேள்வி, "காதுல மாட்டிப் பாத்தாச்சா?" என்பதுதான். ஆனால் கிளிப்பை மாமியார் தூக்கிப்போடவில்லை. செஞ்சிப் பெரியம்மா வரும்போதெல்லாம் மரியாதை குறையக்கூடாதே. மாமனாரின் பழைய வேட்டியை நனைத்து, நாலு முனையிலும் நாலு கிளிப்பை மாட்டிக் காயப்போடுவார். எத்தனையோ வருஷம் அப்படி நனைத்தும் சாயம் தீரவே இல்லை. நல்ல சரக்கு என்று நான் அன்றைக்கே சொன்னேன்.