அஞ்சரை சொன்ன பொய்கள்

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைத்தவர்களில் 'அஞ்சரை'யைப் போல் பொய் சொல்லத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. ஆனால் மாலை ஐந்தரை ஆனதும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் காப்பாரிலிருக்கும் வீட்டுக்குப் பறந்துவிடுவான் என்பதால், ஆபீசில் எல்லாருக்கும் அவன் அஞ்சரைதான்.

எண்பதுகளின் கடைசி. நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். கம்ப்யூட்டர்களுக்கு ஏர்கான், எங்களுக்குக் கீழேயிருந்து ஏறி வரும் மீன்குழம்பு வாசனை. சிறிய கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுப்போம். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஓய மறுத்தவர். இந்தத் தொழிலில் முன்னேற அவர் நம்பிய ஒரே வழி, பொழுது சாய்ந்த பிறகும் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது.

"பாஸ், வீட்ல ஆடு குட்டி போடப் போவுது. நான் போனாத்தான் போடும்."

"நேற்றும் ஆடுதானே தம்பி குட்டி போட்டது?"

"அது அம்மா பாஸ். இன்னைக்கு மக."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். அதற்குள் கீழே மோட்டார் சைக்கிள் உறுமும். ஆடு ஓய்ந்தால் அத்தைக்குப் பல்வலி வரும். அத்தை தேறினால் தங்கச்சியைப் பெண் பார்க்க வருவார்கள். அவன் சொன்னதை வைத்துப் பார்த்தால், டெங்கிலிலிருந்து சாலாக் செலாத்தான் வரை கல்யாணமாகாத பையன்கள் எல்லாருமே வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அவனுக்குத் தங்கச்சியே கிடையாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பகலிலும் ஆள் ஒரு மாதிரிதான். குப்பைத்தொட்டியை உதைப்பான். நாற்காலியில் மோதிக்கொண்டு அதனிடம் "சாரி" என்பான். ஒருமுறை கிள்ளானில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலைக்குப் போனோம். சீன முதலாளி கை நீட்டினார். இவன் அவர் முகத்தைப் பார்த்து இளித்தபடி நிற்கிறான். அவர் கை அந்தரத்தில் தொங்குகிறது. நான் இடித்த பிறகு சுதாரித்துக்கொண்டு, "சாரி பாஸ், சாமிக்கு விரதம். இந்த வாரம் யாரையும் தொடக் கூடாது" என்று மலாயில் ஒரு போடு போட்டான். அவர் பதறிக் கையை இழுத்துக்கொண்டு கும்பிட்டார். அடுத்த தடவை போனபோது எங்களுக்காகத் தட்டு நிறையப் பழம் வைத்திருந்தார்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவன் தனி ரகம். அந்தத் தொழிற்சாலையில் சம்பளம் போடும் மலாய்க்கார அம்மாளுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே நடுக்கம். எண்ணைத் தப்பாக அடித்தால் திரையில் 'எர்ரர்' என்று வரும். போலீஸ் வந்துவிட்டது போல எழுந்து நின்றுவிடுவார். அஞ்சரை அந்த வார்த்தையைத் தூக்கிவிட்டு, 'பரவாயில்லை அம்மா, மெதுவாக இன்னொரு தடவை அடியுங்கள்' என்று மலாயில் வரும்படி எழுதினான். அம்மாள் திரைக்கு நன்றி சொன்னதை என் காதால் கேட்டேன்.

அதே தொழிற்சாலையில் ஒருநாள் மதியம், வானம் கறுத்து மழை கொட்டியது. பக்கத்தில் எங்கோ இடி விழுந்து மின்சாரம் போயிற்று. எல்லாரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். மங்கலாக இருந்தாலும் எங்களுக்கு வழி தெரிந்தது. அஞ்சரை மட்டும் அறை நடுவில், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றான்.

"டேய், என்னடா பண்றே?"

"மச்சான், எங்க இருக்கே? கையைக் குடு லா."

கொடுத்தேன். என்னை இழுத்துக் காதருகே சொன்னான்.

"இருட்டுனா எனக்கு ஒன்னுமே தெரியாதுடா. பகல்லயும் குழாய் வழியா பாக்கிற மாதிரிதான். நேரா இருக்கறது மட்டும் தெரியும். கீழ, பக்கத்துல எதுவும் தெரியாது. கொஞ்ச வருஷத்துல அந்தக் குழாயும் அடைஞ்சிடும், மருந்து இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பொழுது இருட்டுவதற்குள் காப்பார் போய்ச் சேரத்தான் அந்த ஆடுகளும் அத்தையும்.

"பாஸ்கிட்ட சொல்லிடாத மச்சான். கண்ணு தெரியாதவனுக்கு எவன் புரோகிராம் வேலை குடுப்பான்? எனக்குத் தெரிஞ்சது இது ஒன்னுதான்."

அவனுடன் சண்டை போட்டு மோட்டார் சைக்கிளை விற்க வைத்தேன். அதன் பிறகு பஸ் நிறுத்தம் வரை கூட நடப்பேன். வெள்ளைத் தடி தட்டிக்கொண்டு நடப்பவர்கள் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் எப்போதும் உண்டு. அந்தத் தட்டும் சத்தம் கேட்டாலே என்னை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவான். ஆபீசிலோ, அவனுக்குப் பொய்ச் சரக்குத் தீர்ந்தால் நான் கைகொடுத்தேன். அவன் அத்தையின் கடைசிப் பல்லைப் பிடுங்கியது நான்தான்.

அப்போது ஒரு வங்கியின் வேலை வந்தது. எங்கள் ஆபீசுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. வங்கி மூடிய பிறகுதான் அவர்களுடைய கம்ப்யூட்டரில் கை வைக்கலாம். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, "இதற்கு அஞ்சரைதான் தலைவர். இனி ஐந்தரைக்கு ஓட ஏலாது, தம்பி" என்றார். பெயர் அச்சடித்த கார்டு, தனி மேசை எல்லாம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவன் ஏங்கியது அதற்குத்தான். அன்று ஐந்தரைக்கு எழுந்து முதலாளி முன்னால் போய் நின்றான்.

"பாஸ், என்னால முடியாது. எனக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு."

ஆபீசே சிரித்தது. முதலாளி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஆட்டை விட இது திறம், தம்பி!"

அஞ்சரையும் சேர்ந்து சிரித்தான். வேறு என்ன செய்வான்? சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. நான் எழுந்து, "பாஸ், அவன் சொல்றது நெசம்" என்றேன்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. அவன் முகத்தையே பார்த்தபடி, மேசைக்கு மேலாகக் கையை மெதுவாக நீட்டினார். அவன் அதைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தே நின்றான். அவர் எழுந்து சுற்றி வந்து, அவன் கையைத் தானே எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை, தம்பி?"

வங்கி வேலை எனக்கு வந்தது. அவனுக்காக முதலாளி பெரிய திரை ஒன்று வாங்கினார். எழுத்துகளைப் பெரிதாக்கி, மூக்கு உரச உட்கார்ந்து எழுதினான். பிறகு அதுவும் முடியாமல் போய், நான் வரிவரியாகப் படிக்க, அவன் கண்ணை மூடிக்கொண்டு திருத்தங்கள் சொன்னான். முதலாளி இருந்தவரை அவனை யாரும் போகச் சொல்லவில்லை. அவர் உடல் தளர்ந்து கம்பெனியைக் கைமாற்றியதும், வந்தவர்கள் ரொம்ப மரியாதையாக அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று அவன் எந்தக் காரணமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சில காலம் காப்பார் வீட்டில் முடங்கிக் கிடந்தான். பிறகு கிள்ளானில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. புரோகிராம் பற்றிய பேச்சை மட்டும் எடுக்கவே விடமாட்டான். எடுத்தால், "வேற பேசு லா" என்பான்.

அந்த அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் மனசு கனத்துப்போகிற நாட்களில் அந்த எண்ணைச் சுழற்றுவேன். என் குரல் அவனுக்குத் தெரியும். பக்கத்தில் அதிகாரி இருப்பார் போல, தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாருக்கு லைன் குடுக்கட்டும் சார்?" என்று கேட்பான்.

"உனக்குத்தான்டா" என்பேன்.