வேகமேம்பாட்டு உயர்நிலைக் குழு

மனித குலம் பொறுமையிழந்து அழிந்துவிடாமல் காத்துவரும் நிறுவனங்களில் தலையாயது, புனேயின் கராடியில் ஐந்தாம் மாடியில் இயங்கும் எங்கள் நிறுவனம். இங்கே ஒரு கோப்பை டவுன்லோடு செய்யக் கட்டளையிட்டுவிட்டு, கீழே போய் மிசல் பாவ் சாப்பிட்டு, லிஃப்டுக்குக் காத்திருந்து மேலே வந்தாலும் கோப்பு பாதிவழியில்தான் நிற்கும்.

எல்லாம் பிராக்ஸி சர்வரின் வேலை என்றார்கள். ஊழியர்களுக்குப் பதிலாக இணையத்துக்குப் போய் வேண்டியதை வாங்கிவருவது அதன் உத்தியோகம். ஒருமுறை வாங்கியதைத் தன் கேஷில் பத்திரப்படுத்தி, அடுத்தவர் கேட்டால் அந்தப் பழையதையே எடுத்து நீட்டும். எங்கள் நிர்வாகம் கருத்துச் சொல்லும் முறையும் அதுவே என்பதால், சர்வர்மீது எங்களுக்குத் தனி மரியாதை.

ஔந்தில் ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் மென்பொருள் செய்துதருகிறோம். அதற்கான திருத்தம் இறங்காததால், அங்கே பல்வலிக்காரர்கள் பிரசவப் பிரிவுக்கு அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் கைநழுவும் நிலை. கோயம்புத்தூர்க்காரரான மேலாளர் ரவிசந்திரன் உடனே செயலில் இறங்கினார். அதாவது, 'வேகமேம்பாட்டு உயர்நிலைக் குழு' ஒன்றை அமைத்தார். செயலாளர் நான்.

புனேயின் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த நெட்வொர்க் பொறியாளர் அகல்யா, முதல் கூட்டத்திலேயே காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார்.

“சார், கேஷ்ல ஏற்கெனவே இருக்கிறது பறந்து வருது. புதுசா வர்றது மட்டும்தான் ஸ்லோ. பிராக்ஸில யாரோ ஸ்பீடுக்கு லிமிட் போட்டிருக்காங்க. செட்டிங்கைத் திறந்து பார்த்தா போதும், முடிஞ்சுது.”

நிதித் தலைவர் கிரிஜா திடுக்கிட்டு நிமிர்ந்தார். “எனக்குத் தெரியாம இந்தக் கம்பெனில ஏது கேஷ்?”

இந்த கேஷ் வேறு, அந்த கேஷ் வேறு என்று அவருக்கு விளக்கியதோடு கூட்டம் இனிதே நிறைவுற்றது.

அடுத்தடுத்த கூட்டங்களின் முடிவுப்படி கேபிள்களுக்கு நீல நிறம் வந்தது. சர்வர் கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. பிறகு 'அறிவியல்பூர்வமான' சோதனை ஒன்றை ரவிசந்திரன் தன் அறையில், தன் லேப்டாப்பில் நடத்தினார். அவர் டீக்கோப்பையை எடுப்பதற்குள் கோப்பு வந்து இறங்கிவிட்டது.

“பாத்தீங்களாங்க? சர்வர் மேல தப்பே இல்லீங்க. நம்ம ஆளுகளுக்குத்தான் அவசரம்.”

“இதையே என் சீட்ல பண்ணிப் பார்க்கலாமா சார்?” என்றார் அகல்யா.

“ஒரே டெஸ்ட்டை எதுக்குங்க ரெண்டு தடவை பண்ணோணும்?”

எனவே ஊழியர்களுக்குப் பொறுமைப் பயிற்சி அளித்தோம். பயிற்சி வீடியோ, குரு கண்ணை மூடிய இடத்தில் சிக்கி நின்றுவிட்டது. அதுதான் பயிற்சி என்றெண்ணி எல்லோரும் மதியம்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மாபெரும் வெற்றி.

அந்த நேரம் பார்த்து மருத்துவமனை நிர்வாகி பானு நேரில் வந்துவிட்டார். கூட்ட அறையில் அவர்முன் ரவிசந்திரன் திருத்தத்தை இறக்க முயன்றார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“பல்லு பிடுங்க வந்த பெரியவர் ஒருத்தர் பிரசவ வார்டுல உட்கார்ந்துட்டார் சார். எழுந்திருக்க மாட்டேங்கறார், அங்கேதான் ஏசி நல்லாருக்காம். இன்னிக்கு இது சரியாகலைன்னா நான் வேற கம்பெனி பார்த்துக்கறேன்.”

ரவிசந்திரன் அகல்யாவை அவசரமாக வரவழைத்தார். “அகல்யா, ஏதாச்சும் பண்ணுங்க.”

அகல்யா அங்கேயே செட்டிங்கைத் திறந்தார். அவர் சொன்ன லிமிட் இருந்தது. அலுவலகம் முழுவதற்கும் சொட்டுநீர் வேகம். விலக்கு ஓர் அறைக்கு மட்டும்.

“இது உங்க ரூம் சார்.”

“அது... கிரிக்கெட் சீசன்ல ஆளுக மேட்ச் பாக்கக் கூடாதுன்னு நான்தானுங்க போடச் சொன்னேன். எடுக்கச் சொல்ல மறந்துட்டேன்.”

“நீங்க மேட்ச் பார்த்தீங்களா சார்?” என்று கேட்டார் பானு.

ரவிசந்திரன் ஜன்னலுக்கு வெளியே போக்குவரத்தை ஆராய்ந்தார். அகல்யா லிமிட்டை நீக்கினார். பானு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திருத்தம் இறங்கிவிட்டது. ஒப்பந்தம் பிழைத்தது.

எனினும் தலைமையகம் கண்டிப்பானது. தாமதத்துக்குப் பொறுப்பான ஒருவரை உடனே பணிநீக்கம் செய்யும்படி உத்தரவு வந்தது. குழு கூடியது. ரவிசந்திரன் மனம் நொந்து பேசினார்.

“பொறுப்பு என்னுதுதானுங்க, நான் மறைக்கலை. ஆனா நீக்கற ஆர்டர்ல கையெழுத்துப் போடறதும் நான்தானே. என்னை நானே எப்படிங்க நீக்கறது?”

அகல்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தீர்மானத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

ரவிசந்திரன் எழுப்பியது மிக நுட்பமான நிர்வாகச் சிக்கல். அதைக் குழு ஒருமனதாகத் தீர்த்துவைத்தது. தவறு செய்தவரை நீக்க விதிமுறையில் இடமில்லாததால், கண்டுபிடித்தவரை நீக்கினோம்.