சீயக்காய் போட்டுக் குளித்த கிரில்

காரைக்குடி வட்டாரத்தில் கிரில் அடுப்பின் புகை பட்டுக் கண் கலங்கியவர்கள் பலர். அதன் பிசுக்கைப் பார்த்துக் கண் கலங்கியவர் சுரண்டி ஒருவர்தான்.

நான் வரவேற்பறையில் வேலை பார்த்த செட்டிநாட்டு பங்களா ஹோட்டலில், பின்முற்றத்து கேஸ் கிரில்லைச் சுத்தம் செய்வது அவர் வேலை. சுரண்டி என்பது நாங்கள் வைத்த பெயர்; சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஆள் சுத்த சைவம். ஆனாலும் ஒரு கோழி எவ்வளவு கொழுப்பு விடும் என்று கோழிக்கே தெரியாத விவரமெல்லாம் அவருக்குத் தெரியும்.

தினமும் காலை ஆறு மணிக்கு, தேய்ந்த தோசைக்கரண்டியால் கம்பி கம்பியாகச் சுரண்டுவார். கீழே கொழுப்பு வடியும் தட்டை வழித்துக் கழுவுவார். சனிக்கிழமையானால் கிரில்லுக்குச் சீயக்காய்க் குளியல். கடைசியில் தன் வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு துடை. கறை பட்டால் மறுபடி முதலிலிருந்து. அவர் மேல் வீசும் வாசனைக்கு, திருப்பத்தூர் பஸ் ஏறும்வரை ஆறு நாய்கள் வழியனுப்பப் போகும்.

சமையல் மாஸ்டருக்கு இது பிடிக்காது. “யோவ், ருசியே அந்தப் பிசுக்குலதான்யா இருக்கு!”

“அப்ப கோழி எதுக்கு மாஸ்டர்? பிசுக்கையே பிளேட்டுல வச்சுக் குடுத்துருங்க.”

ஒருமுறை, விடிகாலைச் சுரண்டலில் தூக்கம் கெடுகிறது என்று ஒரு விருந்தினர் புகார் செய்ய, மேனேஜர் ஒரு வாரத்துக்குக் கிரில் பக்கமே போகக் கூடாது என்று தடை போட்டார். கரண்டியைப் பறிகொடுத்த சுரண்டி, கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஏழாம் நாள், ஞாயிறு மதியம். சென்னையிலிருந்து வந்த கூட்டத்துக்காக மாஸ்டர் கிரில் நிறையக் கோழி அடுக்கினார். தட்டில் தேங்கியிருந்த கொழுப்பு குப்பென்று பற்றி, ஆள் உயரத்துக்கு நெருப்பு எழுந்தது. பத்தடி தள்ளித் தேக்குத் தூண் தாழ்வாரம். விருந்தினர்கள் ஏதோ ஷோ என்று நினைத்துக் கைதட்டினார்கள். மாஸ்டர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்.

“தண்ணி ஊத்தாதீக! தெறிச்சு வீடே பத்திக்கும்! அங்குட்டுப் போங்க!”

சுரண்டி பாய்ந்து கேஸை அடைத்தார். நீளக் கம்பியால் மூடியைத் தள்ளிச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் நெருப்பு மூச்சுமுட்டி அடங்கியது. நஷ்டம், கோழி அத்தனையும், மாஸ்டரின் இடது மீசையும்.

“நாளைக்கும் இது உண்டா?” என்று ஒரு விருந்தினர் கேட்டார்.

ஆறியபின் சுரண்டி மூடியைத் திறந்து பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. “ஏழு நாள் பிசுக்கு சார்… பச்சப்புள்ளைய இப்புடியா வச்சிருப்பாக?”

மேனேஜர் அங்கேயே கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்காகச் சுரண்டி ஒரு வாரம் லீவு போட்டார். மாஸ்டரும் நானும் ஆளுக்குப் பாதி கிரில்லைச் சுரண்டி, படம் பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். உடனே போன்.

“இடப்பக்க மூலையில என்ன அது? ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலையா?”

பேத்தி பிறந்த சேதியை அதற்கப்புறம்தான் சொன்னார்.

மறுநாள் நான் படம் பிடிக்கப் போனபோது, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பிசுக்கு மிச்சமிருந்தது. துடைக்கப் போன என் கையை மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

“இருக்கட்டும்யா. போன் வரணும்ல?”